நல்லூர்ப் புளியந்தோப்பு

நம் அடுகோடிக்கு அணித்தே உள்ளது மடிவாளம் சோமேசுவரர் கோயில். அதன் புறச்சுவரில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று இந்நகரின் பெயரையும் அதன் பெரிய ஏரியையும் குறிக்கின்றது. கல் கூறும் இவ்வரலாற்றை நம்மவர் பலர் கேட்டிருப்பர். நகருக்கு வடக்கே மரங்கள் கூறும் வரலாறு ஒன்றும் உண்டு. அதனைக் கேட்டார் சிலரே.

தேவனஹள்ளியை அடுத்த நல்லூரில், ஏறத்தாழ 54 ஏக்கர் பரப்பில், 300 அளவிலான முதுபெரும் புளியமரங்கள் நிற்கின்றன. அவற்றை வைத்தவர் சோழர் என்பது செவிவழிச் செய்தி. சோழர் கங்கநாட்டை வென்றது 1004-ஆம் ஆண்டளவில். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனிடம் தலைக்காட்டை இழந்தது 1116-ஆம் ஆண்டளவில். எனவே அச்செய்தியை முற்றும் தள்ளுதற்கில்லை. ஆயின் மூத்த மரங்களுக்கு அறிஞர் மதித்த வயது 400 ஆண்டு அளவினதே. நானூறு எங்கே, தொள்ளாயிரம் எங்கே? 'நல்லூர்' என்னும் பெயரையே சான்றாகக் காட்டுவாரும் உளர். 'நல்' என்பது கன்னடத்திற்கும் உரிய சொல்லன்றோ! பெயரொற்றுமை மட்டும் வரலாறு ஆகிவிடாது.

இச்சிக்கலை ஓரளவு அவிழ்ப்பது அம்மரங்களின் வாழ்க்கை முறையே. புளி முதுமையுற்றால் அதன் உள்வயிரம் உளுத்து, அடிமரம் பொந்தாகும். ஆயினும் மரம் மாய்வதில்லை. பட்டையை ஒட்டிய உயிருள்ள பகுதி நீரையும் உணவையும் கடத்திக்கொண்டே இருக்கும். நல்லூரில் இதற்கும் மேலான ஒன்று நிகழ்கின்றது. தாழ்ந்து மண்ணைத் தொட்ட கிளை வேரூன்றுகின்றது. பட்டுப்போன தாய்மரத்தின் கூட்டுக்குள்ளிருந்தே புதுத்தண்டு கிளைக்கின்றது. ஆகவே நாம் இன்று காணும் தண்டின் வயது வேறு. அவ்வேரின் வயது வேறாகலாம். இதனால் சோழர் நட்டனர் என்று நிறுவப்பட்டதாகாது. நானூறு ஆண்டுக்கு முன் அங்கே தோப்பே இல்லை என்றும் துணிதற்கில்லை என்பதே என் கருத்து.

இத்தகைய பொந்துகளையே கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் தேடிக் குடிபுகும். இளமரத்தில் அவற்றிற்கு இடம் ஏது? பழத்தைத் தின்று வித்தைப் பரப்பும் பணி குரங்கினுடையது.

புளியின் பூர்விகம் ஆப்பிரிக்கா. அது பாரதத்திற்கு வந்த காலமோ மிகத் தொன்மையானது. புளி என்னும் மரப்பெயர் 'அம்' சாரியை பெறும் எனத் தொல்காப்பியம் தனி விதியே வகுத்துள்ளது. புளியங்கொம்பு என நாம் வழங்குவது அவ்விதிப்படியே. அயல்நாட்டு மரம் நம் இலக்கணத்துள்ளும் இடம்பெற்றுவிட்டது! ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்த உறங்காப்புளியை இன்றும் வணங்குகின்றோம். அதே மரத்தில் பேய் வாழும் என்று குழந்தைகளை அச்சுறுத்தவும் செய்கின்றோம். நல்லூர்த் தோப்பினுள் பழங்கோயிலின் சிதைவுகள் உள்ளன. பக்தியோ அச்சமோ, ஏதோ ஒன்று கோடரியைத் தடுத்திருத்தல் வேண்டும்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, 2007-இல் இத்தோப்பு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. இந்தியாவில் இச்சிறப்பை முதன்முதல் எய்தியது இதுவே. மறு ஆண்டிலேயே தேவனஹள்ளியில் விமான நிலையம் திறக்கப்பட, சுற்றுப்புற நிலமெல்லாம் பொன் விலை பெற்றது. வேலி இட்டால் மட்டும் காவல் முற்றுப்பெற்றதாகாது. ஆடுமாடு மேய்ந்தால் நாற்று எழாது. விழுந்த மரத்தை விறகென்று இழுத்துச் சென்றால், அதன் கூட்டிலிருந்து எழ வேண்டிய புதுமரமும் உடன் போய்விடும். தோப்பைத் துப்புரவாக வைக்க விழைவோர் அறிய வேண்டிய செய்தி இது.

காணச் செல்லும் அன்பர்கள் வைகாசி, ஆனி மாதங்களில் செல்லலாம். செந்நிற வரியோடிய மஞ்சட்பூக்களைத் தேனீக்கள் மொய்த்திருக்கும் காலம் அது.