தோடர் பூத்தையலும் புவிசார் குறியீடும்

நீலகிரித் தோடர்களிடையே எருமைகளைப் பேணுவது ஆண்கள் பொறுப்பு. பூத்தையல் பெண்களின் கைவேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரி எதுவும் வரைவதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு, கருப்பு நூலால் தைப்பார்கள். தறியில் நெய்ததோ என்று கண் ஏமாறும். பூத்குளி என்னும் போர்வைக்கான அலங்காரம் இது. இறந்தவர் உடலையும் அந்தப் போர்வையால்தான் போர்த்துவார்கள். பின்னாளில் இந்தப் பூத்தையல் பைகளாகவும் மேசைவிரிப்புகளாகவும் சந்தைக்கு வந்தது, போலிகளும் கூடவே வந்தன.

இத்தகைய போலிகளிடமிருந்து ஓர் இடத்துக்கே உரிய பொருளின் பெயரைக் காக்க 1999இல் இயற்றப்பட்ட புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இந்தப் பூத்தையல் ‘தோடா எம்பிராய்டரி’ என்ற பெயரில் 2013இல் பதிவு பெற்றது. உரிமை தனியொருவருக்கன்று, தலைமுறைகள் சேர்ந்து வளர்த்த கலைக்கு அதுவே பொருத்தம். ஆனாலும் குறியீடு காப்பது பெயரைத்தான். தைப்பவருக்கு என்ன கூலி என்பதை அது தீர்மானிப்பதில்லை. பதிவையும் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.