உளநல நிலையமும் அரச காப்புறுதியும்

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லும் எவரிடமும் "பணம் செலுத்துவது யார்?" என்று எமது நாட்டில் கேட்கப்படுவதில்லை. இலவச மருத்துவத்துக்குப் பழகிய எமக்கு, ஐக்கிய அமெரிக்காவில் நோயாளியிடம் முதலில் கேட்கப்படுவது அவரது காப்புறுதி பற்றிய கேள்வியே என்பது விசித்திரமாகவே தோன்றும். அங்கு வறியவர்களுக்கும் வலுவிழந்தோருக்கும் உரிய அரச காப்புறுதி மெடிக்கெயிட் ஆகும். 1965 ஜூலை 30இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கைச்சாத்திட்ட சட்டத்தின் மூலம் உருவான இத்திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்து கொள்கின்றன. நிர்வாகம் மாநிலங்களின் கையில் உள்ளது. அந்நாட்டில் உளநல சிகிச்சைக்கு மிக அதிகமாகப் பணம் செலுத்துவதும் இத்திட்டமே. ஆனால் சிகிச்சையின் பெரும்பகுதியை அளிப்பது அரசு அல்ல. அனுமதிப்பத்திரம் பெற்ற தனியார் நிறுவனங்களும் இலாப நோக்கற்ற அமைப்புகளுமே. ஆகவே இத்தகைய நிலையமொன்றை யார், எவ்வாறு ஆரம்பிக்கலாம் என்பது வெறும் வர்த்தக விடயமன்று.

பாரிய மனநோய் விடுதிகளைக் குறைத்து, சிகிச்சையை மக்கள் வாழும் இடங்களுக்குக் கொண்டு செல்லும் நோக்குடன் 1963 ஒக்டோபர் 31இல் ஜனாதிபதி கென்னடி ஒரு சட்டத்தில் ஒப்பமிட்டார். திட்டமிடப்பட்ட நிலையங்களில் பல கட்டப்படவேயில்லை. மறுபுறம், 16 கட்டில்களுக்கு மேற்பட்ட மனநோய் நிறுவனங்களில் தங்கும் 21 முதல் 64 வயது வரையானோருக்கு மெடிக்கெயிட் பொதுவாகப் பணம் செலுத்துவதில்லை. இதனால் வறிய நோயாளியின் பாரம் சிறு நிலையங்களின் தோளிலேயே விழுந்துள்ளது.

நிலையம் ஆரம்பிக்க முனைவோர் முதலில் விளங்கிக் கொள்ள வேண்டியது, அனுமதிப்பத்திரம் வேறு, காப்புறுதித் திட்டத்தில் பதிவு வேறு என்பதையே. முன்னதை வழங்குவது பெரும்பாலும் மாநில சுகாதாரத் திணைக்களம் அல்லது உளநலத் திணைக்களம். கட்டடத்தின் தீப்பாதுகாப்பு, மருத்துவப் பொறுப்பாளரின் தகைமை, ஊழியரின் குற்றப் பின்னணிப் பரிசோதனை, நோயாளியின் உரிமைகளையும் முறைப்பாட்டு வழிகளையும் எழுத்தில் வகுத்த விதிக்கோவை ஆகியன அங்கு பார்க்கப்படும். அது கிடைத்ததும் பணம் வந்துவிடும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். நாடு முழுவதற்கும் பொதுவான 10 இலக்க வழங்குநர் எண்ணைப் பெற்று, மாநில மெடிக்கெயிட் அலுவலகத்தில் தனியே பதிய வேண்டும். மோசடி அபாயம் குறைந்தது, நடுத்தரம், கூடியது என விண்ணப்பதாரர் தரம் பிரிக்கப்படுவர். நடுத்தரமாயின் நேரடிப் பரிசோதனை, கூடியதாயின் உரிமையாளரின் கைரேகையும் சேர்ந்து கொள்ளும். பல மாநிலங்கள் மெடிக்கெயிட் நிர்வாகத்தைத் தனியார் காப்புறுதிக் கம்பனிகளிடம் ஒப்படைத்துள்ளமையால், அக்கம்பனிகள் ஒவ்வொன்றுடனும் தனித்தனி ஒப்பந்தமும் தேவைப்படும்.

இவை நிறைவுற மாதங்கள் பல செல்லும். அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டடமும் பொறுப்பாளரும் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதால், வருமானம் ஒரு சதமேனும் வருமுன்னரே வாடகையும் சம்பளமும் செலுத்த நேரிடும். நல்லெண்ணம் மிகுந்த பலர் வீழ்வது இந்த இடைவெளியிலேயே என்பது எமது கணிப்பு.

கதவு திறந்த பின் ஆட்சி செய்வது எழுத்து. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு குறியீடு உண்டு. பல சேவைகள் 15 நிமிட அலகுகளில் கணக்கிடப்படுகின்றன. நோயாளி பற்றிய மதிப்பீடு, சிகிச்சைத் திட்டம், அன்றைய சந்திப்பின் குறிப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். குறிப்பு எழுதப்படாத உளவளத்துணை, கணக்காய்வாளரின் கண்ணில் நடைபெறாத உளவளத்துணையே. பிழையாகப் பெற்ற பணம் எனக் கண்டறிந்தால் அதனை உரிய காலத்துக்குள் தாமாகவே திருப்பிச் செலுத்த வேண்டும். அறிந்தே பொய்க்கணக்குக் காட்டினால், உள்நாட்டு யுத்த காலமான 1863இல் இராணுவ விநியோகத்தரின் மோசடிக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டம் இன்றும் பாயும். இழப்பின் மூன்று மடங்கைச் செலுத்த வேண்டிவரும்.

இத்தனை காவல் இருந்தும் அரிசோனாவில் நடந்தது என்ன? பழங்குடி மக்களுக்கான மெடிக்கெயிட் பிரிவில் சில சேவைகளுக்கு நிர்ணயித்த கட்டணம் இருக்கவில்லை. கேட்ட தொகையில் ஒரு வீதம் வழங்கப்பட்டது. கூடுதலாகக் கேட்டவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது. மதுவிலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீட்பதாகக் கூறி, நவாஹோ உள்ளிட்ட பழங்குடியினரை வாகனங்களில் ஏற்றி பீனிக்ஸ் நகரின் வீடுகளில் அடைத்து, வழங்காத சிகிச்சைக்குக் கணக்கு அனுப்பினர். 2023 மே மாதத்தில் ஆளுநர் கேட்டி ஹொப்ஸும் சட்டமா அதிபர் கிறிஸ் மேய்ஸும் இதனைப் பகிரங்கப்படுத்தி, 100க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கான கொடுப்பனவை நிறுத்தினர். இழப்பு 200 கோடி டொலரைத் தாண்டும் என்பது மாநில அதிகாரிகளின் மதிப்பீடு. நிலையங்கள் மூடப்பட்டதும் அங்கிருந்தோரில் பலர் ஊர் திரும்ப வழியின்றித் தெருவுக்கு வந்தனர். இவர்களுள் அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருந்தோரும் இருந்தனர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அயல் மாநிலமான நியூ மெக்சிக்கோவின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. மோசடி பற்றிய நம்பத்தகுந்த குற்றச்சாட்டு எழுந்தாலே கொடுப்பனவை நிறுத்திவைக்க மத்திய விதிகள் பணிக்கின்றன. 2013 ஜூனில் கணக்காய்வு அறிக்கையொன்றைக் கொண்டு 15 நிலையங்களுக்கான பணத்தை அம்மாநிலம் நிறுத்தியது. மிகையாகப் பெற்றதாகக் கூறப்பட்ட தொகை 3 கோடியே 60 இலட்சம் டொலர். நீண்டகாலம் இயங்கிய நிலையங்கள் சம்பளம் கொடுக்க முடியாது மூடப்பட்டன. அவற்றின் இடத்துக்கு அரிசோனாவிலிருந்து 5 நிறுவனங்கள் வரவழைக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் வெளியேறின. 2016இல் விசாரணைகள் முடிவுற்றபோது அந்த 15இல் எதிலும் மோசடி நிரூபிக்கப்படவில்லை. தாம் நம்பிப் பேசிப் பழகிய உளவளத்துணையாளரை இழந்த நோயாளிக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

ஒரு மாநிலம் கண்ணை மூடிக்கொண்டது. மற்றையது விசாரிக்குமுன் கையை வெட்டியது. இரு இடத்தும் தண்டனை பெற்றவர் நோயாளியே. புதிதாக நிலையம் திறப்போர் கொடுப்பனவு சில மாதம் தடைப்பட்டாலும் தாக்குப்பிடிக்கும் கைப்பணத்தை ஒதுக்கி வைப்பது இதனாலேயே அவசியமாகின்றது. நிலையம் மூடப்பட நேர்ந்தால் நோயாளியை எங்கு அனுப்புவது என்பதையும் முதல் நாளிலேயே எழுதி வைத்தல் நன்று.

இப்போது இன்னொரு சுமையும் வந்துள்ளது. 2014 முதல் பல மாநிலங்களில் விரிவாக்கத்தின் கீழ் மெடிக்கெயிட் பெற்ற வயதுவந்தோர், 2025 ஜூலையில் ஒப்பமிடப்பட்ட சட்டத்தின்படி மாதம் 80 மணிநேர வேலையோ கல்வியோ அதற்கு ஒப்பான பணியோ செய்வதைக் காட்ட வேண்டும். 2027 ஜனவரிக்குள் மாநிலங்கள் இதனை நடைமுறைப்படுத்த வேண்டும். தகுதிப் பரிசோதனையும் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். செயலிழக்கச் செய்யும் மனநோயாளருக்கும் போதைப்பொருளுக்கு அடிமையானோருக்கும் விலக்கு உண்டு. ஆனால், படுக்கையை விட்டு எழவே இயலாதிருக்கும் ஒருவர் தாம் அவ்வாறு இருப்பதை உரிய திகதிக்குள் ஆவணத்தால் நிறுவ வேண்டிவரலாம். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்கும் நிலையங்கள் இனி ஓர் ஊழியரை ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த மணித்தியாலங்களுக்குக் காப்புறுதி பணம் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.