ஒரே தேதி, வேறு நாள்

ஷேக்ஸ்பியரும், 'டான் குவிக்ஸோட்' இயற்றிய ஸ்பானிய ஆசிரியர் செர்வாண்டிஸும் 1616-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி ஒருங்கே மறைந்தனர் என்று மாணவப் பருவத்தில் படித்து வியந்தேன். விதியின் விளையாட்டென்றே நம்பினேன். பின்னர் நாட்காட்டிகளின் வரலாற்றைக் கற்றபோது அவ்வியப்புக் கலைந்தது.

போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி திருத்திய நாட்காட்டியை ஸ்பெயின் 1582-இலேயே ஏற்றது. இங்கிலாந்தோ 1752 வரை ஜூலியஸ் சீசரின் பழைய கணக்கையே பின்பற்றிற்று. 1616-இல் இரண்டுக்கும் பத்து நாள் வேறுபாடு. ஷேக்ஸ்பியர் கண்மூடிய அன்று ஸ்பெயினில் மே 3! செர்வாண்டிஸ் மறைந்தது ஏப்ரல் 22 என்றும், 23 அவரை அடக்கம் செய்த நாள் என்றும் அறிஞர் கருதுவர். அப்படியாயின், ஷேக்ஸ்பியர் இறந்தபோது செர்வாண்டிஸ் கல்லறை புகுந்து பத்து நாட்கள் கடந்திருந்தன.

கவிஞர் வோர்ட்ஸ்வொர்த் 1850-லும், சத்யஜித் ராய் 1992-லும் மறைந்தது இதே தேதியில்தான். யுனெஸ்கோ 1995-இல் இதனை உலகப் புத்தக நாளாக அறிவித்தது. கொண்டாடுவோம், தவறில்லை. ஆயினும் மாணவர்களே, பழைய தேதி எதைக் கண்டாலும், 'எந்த நாட்காட்டியின்படி?' என்று முதலில் கேளுங்கள். வரலாற்றுக் கல்வி அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.