துஹெத்: கார் நிக்கோபாரில் குடும்பம் என்பது யார்?

"குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா? யாராவது தற்கொலையால் இறந்திருக்கிறார்களா?"

மனநல மருத்துவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடும் கேள்விகள் இவை. நம்மில் பலர் அப்பா, அம்மா, சித்தப்பா, தாத்தா என்று ஏழெட்டு முகங்களை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லிவிடுவோம். கார் நிக்கோபார்க்காரர் ஒருவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. அவருடைய குடும்பத்தின் பெயர் துஹெத். அதில் பல டஜன் பேர் இருப்பார்கள்.

போர்ட் பிளேருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில் கிடக்கும் தட்டையான பவளத் தீவு கார் நிக்கோபார். பரப்பளவு 127 சதுர கிலோமீட்டர்தான். மூஸ், மலக்கா, காகனா, பெர்கா, அரோங், சவாய் என்று அதன் ஊர்கள் கடலோரமாகவே அமைந்திருந்தன. ஊர்த் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். பழைய கப்பல் வணிகம் விட்டுச்சென்ற சொல் அது. ஊருக்குள் நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, துஹெத்துக்குச் சொந்தம். யார் எந்தத் தோப்பில் தேங்காய் பறிக்கலாம், யார் எங்கே தோட்டம் போடலாம் என்பதைத் துஹெத்தின் தலைவர் முடிவு செய்வார். கல்யாணமானால் பெண்தான் புகுந்த வீடு போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எந்தத் துஹெத்தில் உழைக்கும் கைகள் குறைவோ அங்கே மாப்பிள்ளை போய்ச் சேர்வதும் உண்டு.

சாவும் அப்படித்தான் பொதுவில் இருந்தது. ஒவ்வோர் ஊருக்கும் கடற்கரையில் எல்பனம் என்று ஒரு பொது மைதானம். பிரசவத்துக்கு ஒரு வீடு, உயிர் பிரிபவருக்கு ஒரு வீடு, படகுக் கொட்டகைகள், இடுகாடு எல்லாம் அங்கேதான். ஒருவர் இறந்தால் அவர் புழங்கிய பொருள்களை உடைத்துக் கல்லறையில் வைத்தார்கள், பன்றிகளை வெட்டினார்கள், நெருங்கிய உறவினர் விலக்குகளை மேற்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைத் தோண்டியெடுத்து ஊரே கூடிப் பெருவிருந்து வைத்தது. அதோடு துக்கம் முறைப்படி முடிந்தது. துக்கத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன. இரண்டையும் தனியாளாக யாரும் சுமக்கவில்லை.

1890களில் வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார் மூஸ் ஊரில் பள்ளி தொடங்கினார். அவரிடம் படித்த சிறுவன் ஒருவன் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார், 1952இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் போனார். தீவு கிறிஸ்தவத்துக்கு மாறியது. பழைய சடங்குகள் பல தேய்ந்தன. 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ராணுவம் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது உளவாளிகள் என்று சொல்லிப் பலரைக் கொன்றது. இத்தனைக்குப் பிறகும் துஹெத் கலையவில்லை.

இனி மருத்துவரின் கேள்விக்குத் திரும்புவோம். குடும்பத்துக்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பை எண்களில் காட்டிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று டென்மார்க்கிலிருந்து வந்தது. 1756இல் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி வந்து நிக்கோபார் தீவுகளைத் தம்முடையவை என்று அறிவித்ததும் அதே டேனியர்தான். மன்னர் பிரெடரிக்கின் பெயரைத் தீவுகளுக்குச் சூட்டி, காய்ச்சலில் ஆட்களைப் பறிகொடுத்து, கடைசியில் 1868இல் உரிமையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நாட்டில் உள்ள ஒவ்வொருவரின் பிறப்பையும் உறவையும் நோயையும் சாவையும் பதிவேட்டில் வைத்திருப்பது பிற்கால டென்மார்க்கின் வழக்கம். அந்தப் பதிவேடுகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வு, நெருங்கிய உறவினர் தற்கொலையால் இறந்த குடும்பத்தில் மற்றவருக்கு அந்த ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்றது. மனநோயின் பங்கைக் கழித்த பிறகும் குடும்பத்தின் பங்கு மிஞ்சியது.

சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் எஸ். ராஜ்குமாரும் தற்கொலையால் இறந்த 100 பேரையும், ஒப்பீட்டுக்கு 100 பேரையும் எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. மூன்று காரணங்கள் முன்னே நின்றன: மனநோய், அண்மையில் நேர்ந்த வாழ்க்கை அதிர்ச்சி, குடும்பத்தில் மனநோய் இருந்த வரலாறு.

ஆனால் பரம்பரையைத் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மின்சாரமும் காரும் வேண்டாமென்று வாழும் ஆமிஷ் மக்களிடையே ஜானிஸ் எகலாண்ட் நூறு ஆண்டுக் காலத்தை, 1880 முதல் 1980 வரை, புரட்டிப் பார்த்தார். மொத்தம் 26 தற்கொலைகள். அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு நான்கே வம்சங்களில். இவ்வளவோடு நிறுத்தினால் எல்லாம் ரத்தத்தில் எழுதியிருக்கிறது என்று தோன்றும். அதே சமூகத்தில் மனச்சோர்வு நோய் தலைமுறை தலைமுறையாக மண்டிய வேறு குடும்பங்களும் இருந்தன. அவற்றில் ஒரு தற்கொலைகூட இல்லை. 1985இல் வெளியான இந்த ஆய்வு, குடும்பத்தின் வழியே வருவது நோய் மட்டும்தானா, காப்பும் அதே வழியில் வருகிறதா என்ற கேள்வியைத் திறந்துவிட்டது.

கார் நிக்கோபாரில் அந்தக் காப்பைக் கடல் சோதித்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது, சிறிது நேரத்தில் சுனாமியாகக் கடல் வந்தது. கரையோர ஊர்கள் போயின. எல்பனங்கள் போயின, அவற்றோடு முன்னோர் கல்லறைகளும் போயின. விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தமான் நிக்கோபார் முழுவதும் இறந்தவர், காணாமற்போனவர் எண்ணிக்கை அரசுக் கணக்கில் 3,513. 2001இல் 20,292 ஆக இருந்த கார் நிக்கோபார் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 17,841 ஆகிவிட்டது.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் சில வாரங்களிலேயே தீவுகளின் நிவாரண முகாம்களுக்குப் போனார்கள். சுரேஷ் பட மத்தும் அவருடைய குழுவினரும் கண்டது எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பாதிப்பு. இடம்பெயர்ந்தவர்களில் 5.2 சதவீதம் பேருக்கும், இடம்பெயராதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் மனநோய் இருந்தது. நெருக்கமான சமூகம், குடும்ப அமைப்பு, தலைவர்களின் தன்னலமற்ற உழைப்பு, இறைநம்பிக்கை ஆகியவை முதல் கட்டத்தில் மக்களைத் தாங்கின என்று அவர்கள் எழுதினார்கள். ஏமாற்றம் தலைதூக்கும் அடுத்த கட்டத்தில் பாதிப்பு கூடலாம் என்றும் எச்சரித்தார்கள்.

அடுத்த கட்டம் காசோலையாக வந்தது. நிவாரண விதிகளுக்குக் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். அந்தப் படிவத்தில் துஹெத்துக்கு இடமில்லை. பணம் தனித்தனிப் பெயர்களில் வங்கிக்கு வந்தது. வட்டக் கூரையோடு கால்கள்மேல் நின்ற பழைய குடில்கள் இருந்த தீவில், உட்பகுதியில் தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழுந்தன, அப்புறம் நிரந்தர வீடுகள். எல்லாம் சிறு குடும்பத்துக்கு அளவெடுத்தவை. நிக்கோபார் தீவுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சிம்ரன் ஜித் சிங், கூட்டுக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், கையில் திடீரென்று புரண்ட பணம் மதுவிலும் நுகர்பொருளிலும் கரைந்ததையும் பதிவு செய்தார். உதவ வந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அவர்கள் கொண்டுவந்த படிவம் வேறோர் ஊரின் குடும்பத்தை மனதில் வைத்து அச்சடிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி அந்தமான் நிக்கோபாரில் லட்சம் பேருக்கு 42.8 தற்கொலைகள். இந்தியச் சராசரி 12.4. சிக்கிமுக்கு அடுத்த இடம். இதை நிக்கோபாரிகளின் கதையாகப் படித்துவிடுவது பிழை. 2011இல் ஒன்றியப் பிரதேசத்தின் மக்கள்தொகை 3,80,581. அதில் நிக்கோபார் மாவட்டத்தின் பங்கு 36,842 பேர்தான், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் வங்கம், தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், ராஞ்சிப் பகுதி ஆகிய இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும். சொந்த ஊரில் உறவை விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களின் தீவுக்கூட்டம் அது. அந்த உயர்ந்த எண்ணுக்குக் காரணம் தேடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குடும்ப வரலாற்றைச் சொல்லவிடாமல் தடுத்த சட்டமும் ஒன்று இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. காவல் நிலையத்துக்கு அஞ்சியும் அக்கம்பக்கத்துக்கு அஞ்சியும் குடும்பத்தினர் மறைத்தார்கள், மருத்துவமனைச் சீட்டில் 'விபத்து' என்று எழுதச் சொன்னார்கள். பேரனுக்குத் தாத்தாவின் கதை தெரியாமலே போனது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று மாற்றியது.

எனவே மருத்துவரின் அந்தப் பழைய கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லலாம். வீட்டில் முன்பு ஒருவர் அப்படி இறந்திருந்தால் அதைச் சொல்வது குலத்துக்கு இழுக்கல்ல, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரம்பரையில் உண்டு என்று சொல்வதைப் போன்ற ஒரு தகவல். இன்று அப்படி ஒரு நினைப்பு யாரையாவது அலைக்கழித்தால், பக்கத்தில் இருப்பவர் நேராகக் கேட்கலாம், உடனிருக்கலாம், மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.