கிப் பள்ளிகளும் பல்கலைக்கழக ஆயத்தமும்

கிப் பள்ளிகள் என்பன, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசாங்கப் பொருளுதவியால் கட்டணமின்றி நடைபெறினும், நிர்வாகத்திலும் பாடமுறையிலும் தனியுரிமை பெற்ற சாசனப் பள்ளிகளுள், கடுமையான ஒழுங்கினால் பெரும் பிரசித்தி அடைந்தவை. இத்தகைய பள்ளிகளுக்கு இடமளித்த முதற் சட்டம் 1991இல் மினசோட்டா மாநிலத்தில் நிறைவேறிற்று. மைக் ஃபைன்பெர்க், டேவ் லெவின் என்னும் இளம் ஆசிரியர் இருவர், 1994இல் ஹூஸ்டன் நகரத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு தொடங்கிய முயற்சியே கிப் ஸ்தாபனமாக வளர்ந்தது.

பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள், காலை ஏழரை மணி முதல் மாலை ஐந்து மணி வரையிலும், சில சனிக்கிழமைகளிலும், கோடை விடுமுறையின் ஒரு பகுதியிலும் பள்ளியிலேயே இருந்தனர். நிமிர்ந்து அமர்வதும், பேசுவோர் முகத்தினின்று பார்வையை அகற்றாதிருப்பதும் கூட அவர்களுக்கு அப்பியாசமாகவே பயிற்றப்பட்டன. ஒவ்வொரு வகுப்பினரும், தாம் பல்கலைக்கழகம் புக வேண்டிய ஆண்டின் பெயராலேயே அழைக்கப்பட்டனர். பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லாத குடும்பத்துச் சிறுவனுக்கு, பத்து வயதிலேயே அவ்வாண்டு தன்னுடையது என்னும் நம்பிக்கையை ஊட்டியது, இம்முறையின் ஏனைய கூறுகள் எல்லாவற்றினும் மேலான கொடை என்றே கூறல் வேண்டும்.

எனினும், எட்டாம் வகுப்பை முடித்துப் பத்தாண்டுகளேனும் கழிந்த பழைய மாணவர்களுள் நூற்றுக்கு 33 பேரே நான்காண்டுப் பட்டம் பெற்றிருந்தனர் என்று 2011இல் ஸ்தாபனமே அறிக்கை வெளியிட்டது. ஏழைக் குடும்பத்தாரிடையே நாடு தழுவிய விகிதம் ஏறத்தாழ எட்டே என்பதை நோக்க இது அரிய சாதனை. ஸ்தாபனம் நாடிய 75 என்னும் இலக்கிற்கோ வெகு தூரம். மணியடித்தும் மதிப்பெண் குறைத்தும் பிறர் காத்து நின்ற ஒழுங்கு, காப்பவர் இல்லாத விடுதி அறையில் தானே நிலைபெறுவதில்லை. அங்கே காலத்தைத் தானே வகுத்துக்கொள்ளவும், விளங்காததைப் பேராசிரியரிடம் கூச்சமின்றிச் சென்று வினவவும், கட்டணத்திற்கும் கடனுக்கும் உரிய பத்திரங்களை நிரப்பவும் வேண்டியிருக்கிறது. கீழ்ப்படிதலை மட்டும் கற்ற மாணவனுக்கு இவை அந்நியமாய் இருப்பது அவன் குற்றமன்று.

தேர்வில் முதன்மை பெற்றவர்களே பட்டம் வரை சென்றார்கள் என்பதற்கில்லை, இடருற்றபோதும் விடாது நின்றவர்களே பெரிதும் சென்றார்கள் என்று கண்ட லெவின், மார்ட்டின் செலிக்மன், ஏஞ்சலா டக்வொர்த் ஆகிய உளவியல் அறிஞரோடு கூடி, விடாமுயற்சி, தன்னடக்கம் முதலிய குணங்களைப் பயிற்றும் வழிகளை ஆராய்ந்தார். உழைப்பையும் நன்னடத்தையையும் போதித்த தன் பழைய இலச்சினை வாசகத்தை, அது பணிந்து போதலுக்கே மதிப்பளிக்கிறது என்னும் காரணத்தையும் காட்டி, 2020இல் ஸ்தாபனம் கைவிட்டது. பள்ளியை விட்டு அகன்றோரையும் பல்கலைக்கழகம் வரை தொடர்ந்து சென்று, தக்க கல்லூரியைத் தெரிந்தெடுக்கவும் பொருள் முட்டுப்பாட்டைச் சமாளிக்கவும் துணைநிற்கும் ஆலோசகர்களை அது நியமித்துள்ளது. தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆதரிக்குமாறு பல கல்லூரிகளோடு உடன்படிக்கையும் செய்துகொண்டிருக்கிறது.