விதை வெங்காயமும் ‘சாதிக்கும் மன’மும்

‘யாழ்ப்பாணத்து விவசாயி எதையும் தாங்குவான்’ என்ற பெருமிதம் எம்மவர் ஒன்றுகூடல்களில் அடிக்கடி கேட்கிறது. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் இதனையே வேறு மொழியில் கற்பித்தவன். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மக்கிளெலண்ட், ஒரு சமூகத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு அதன் மக்களிடமுள்ள சாதிக்கும் உந்துதலே பிரதான காரணி என 1961இல் வாதிட்டார். அறுபதுகளின் நடுப்பகுதியில் ஆந்திராவின் காக்கிநாடா நகர்ச் சிறுதொழில் முனைவோருக்குப் பயிற்சியளித்து, அவ்வுந்துதலை ஊட்டவும் முயன்றார். பயிற்சி பெற்றோர் மற்றவர்களைவிடக் கூடுதலாக முதலிட்டனர் என்பது அவரது முடிவு.

இக்கோட்பாட்டை எமது தோட்டத்தறையில் வைத்துப் பார்ப்போம். 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டுத் தோட்டங்களும் விசுவமடு போன்ற வன்னிக் குடியேற்றங்களும் செழித்தன. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அதே விவசாயி நொடித்தான். அவனது மனம் ஓராண்டில் மாறிவிடவில்லை. மாறியது அரசின் கொள்கை.

ஆயினும், மனம் ஒன்றுமேயில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. விலை விழுந்த அந்நாட்களில் நான் சிறுவன். எவ்வளவு முடை வந்தபோதும் ஐயா விதை வெங்காயத்தில் கைவைக்கவில்லை. பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டிருப்பார். அடுத்த போகம் உண்டு என்ற நம்பிக்கை அது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் உரமும் அரிதானபோது, துலாவுக்குத் திரும்பியவர்களைத் தாங்கியதும் அதே நம்பிக்கைதான்.

ஆனால் அந்த நம்பிக்கைக்கும் முண்டுகள் இருந்தன: அம்மாவின் அடைவு வைத்த காப்புகள், அயலவர் தந்த கைமாற்று, கிணற்றில் எமக்கிருந்த பங்கு. எம் தறையில் கூலிக்குத் தண்ணீர் கட்டியவருக்கு நிலமில்லை. அக்கிணற்றில் தன் கையால் குடிக்க அள்ளவும் சாதி விடவில்லை. ஐயாவைவிட அவர் கடுமையாக உழைத்தார். தொங்கவிட அவரிடம் விதை வெங்காயம் இருக்கவில்லை. எமது பெருமித வரலாற்றில் அவரது மனவுறுதிக்கு ஒரு வரிகூட இல்லை.

இன்று நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் எம்மவரை ‘எதையும் தாங்குபவர்கள்’ என்று மெச்சுகிறார்கள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் அந்த மெச்சல் நின்றுவிடுகிறது. தாங்கும் மனத்தைப் போற்றுவோர், தாங்க வைத்தவர் யார், முண்டு கிடைக்காதவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். அக்கேள்விகளை விட்டு எழுதப்படும் வரலாறு, ஆண்டவனுக்கும் நிலமுடையவனுக்கும் மட்டுமே வசதியானது. ‘ஆண்டவன்’ என இங்கு நான் சொல்வது ஆட்சி செய்தவனை.