விடுதி சலுகையன்று, உரிமை

உறைவிடப் பள்ளி என்றால் வசதி படைத்தோர் பிள்ளைகள் பயிலும் மலைநகரங்களே பலர் நினைவுக்கு வரும். தலித் குடும்பங்களுக்கு விடுதி என்பது வேறு. ஊரில் உயர்கல்வி இல்லாத, நகரில் வாடகை கொடுக்க இயலாத முதல் தலைமுறை மாணவரின் படிப்பு தொடருமா, நின்றுபோகுமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

சென்னை தி.நகரை அடுத்த சைதாப்பேட்டையில் கல்லூரி மாணவர்களுக்கான அரசு விடுதி எம்.சி. ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இழிவாக வழங்கப்பட்ட சாதிப் பெயர்களுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்கவேண்டும் என 1922இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் குரலெழுப்பியவர் அவர். 2025 ஜூலையில் தமிழக அரசு, மாணவர் விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' என அழைக்கப்படும் என்று அறிவித்தது. இதனை வரவேற்கிறோம். ஆயினும், பெயர்ப்பலகை மாறியதும் பந்தி மாறிவிடுவதில்லை.

இதற்கு வரலாற்றுச் சான்று சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு. ஐயர் நடத்திய அந்த உறைவிடப் பள்ளி, காங்கிரசின் நிதியுதவி பெற்றது. தேசியக் கல்வியை முழங்கியது. அங்கே பார்ப்பன மாணவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டதை வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தனர். ஆனால் அச்சிக்கல் பெரிதும் பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் வழக்காகவே பேசப்பட்டது. அப்பந்தியில் தலித் மாணவருக்கு இடம் எங்கே என்னும் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இன்று சட்டம் தெளிவாக உள்ளது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, பிரிவு 5இன்படி, பொதுமக்களுக்கான கல்வி நிறுவனத்திலோ விடுதியிலோ தீண்டாமை காரணமாகச் சேர்க்கை மறுப்பது குற்றம். சேர்த்தபின் பாகுபாடு காட்டுவதும் குற்றம். தனித்தட்டும் தனிவரிசையும் 'வழக்கம்' என்று சொல்லித் தப்ப முடியாது.

குறை வேறிடத்தில் உள்ளது. பட்டியல் சாதியினரின் கல்வி நலனைப் பேணுமாறு அரசமைப்பின் 46ஆம் உறுப்பு அரசுக்கு வழிகாட்டுகிறது. எனினும் அது நெறிமுறைக் கோட்பாடு என்பதால் அதை மட்டுமே கொண்டு நீதிமன்றத்தை நாட இயலாது. 21அ உறுப்பு தரும் கல்வி உரிமையோ 14 வயதோடு முடிகிறது. விடுதி தேவைப்படும் கல்லூரிப் பருவம் அதன்பின்னரே தொடங்குகிறது.

எனவே, உணவு, இடப்பரப்பு, கழிப்பறை, பாதுகாப்பு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவைகளை வகுத்து, மீறினால் மாணவரே முறையிட வழிசெய்யும் தனிச்சட்டம் வேண்டும் என்கிறோம். விடுதியில் சேரும் மாணவர் எவருடைய கருணைக்கும் கடன்பட்டவர் அல்லர்.